பார்த்தலும் பார்த்துக்கொள்ளுதலும்

1

சென்ற மாதம் நண்பர்கள் கூடியபோது ஒருவர் கவிதை வாசித்தார். ஆஸ்பத்திரி வார்டு. நர்சின் இடத்தில் ஒரு யந்திரம். அது நோயாளியின் நெற்றியில் கை வைப்பதில்லை. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது, எண்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வாசித்து முடித்ததும் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். நானும் சொன்னேன். பிறகு பஸ்ஸில் திரும்பி வருகிறபோது சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் நாடித்துடிப்பு 74. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 97. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. கவலை விட்டது. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

கவிதைக்கு நான் சொன்ன 'நன்றாக இருக்கிறது' ஒன்று. பச்சைப் புள்ளிக்கு மனசு சொன்ன 'நன்றாக இருக்கிறது' இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்தான் இடைவெளி. இவற்றில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும். அல்லது இரண்டுமே யோசிக்காமல் சொன்னவையாக இருக்கவேண்டும். யந்திரத்தைக் கண்டால் மிரள்வதை நம் சூழலில் ஒரு மதிப்பீடாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். யந்திரம் இல்லாமல் ஒரு நாளைக் கழிக்கவும் நம்மால் முடிவதில்லை. இந்த முரணைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பது சுலபம். சிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நோயாளியைக் கண்காணிக்கிற இந்தப் புதிய சாதனங்கள் நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இடையில் உள்ளபடி என்ன செய்கின்றன என்று கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். தத்துவ விசாரமாக ஆரம்பிக்கத் தகுதி இல்லை. ஒரு வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

வீடு பெரணமல்லூரில். அப்பா ஆரணிப் பட்டு நெய்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தவர். 2023 ஐப்பசியில் ஒரு விடியற்காலை பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிப்போய்ப் பிறகு ஓரளவு திரும்பியது. நான் காஞ்சிபுரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பேன். மற்ற நாட்களில் அப்பாவைக் குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கரைத்த கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுவது எல்லாம் அம்மாதான். தங்கை ஆரணியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வருவாள்.

2024ல் ஒரு சாதனம் வாங்கினேன். மணிக்கட்டில் ஒரு பட்டை, விரல் நுனியில் ஒரு கிளிப். இரண்டும் அம்மாவின் செல்போனோடு பேசும்; அம்மாவின் செல்போன் என் செல்போனோடு பேசும். துடிப்பும் ஆக்ஸிஜனும் தூக்கமும் எனக்கு எண்களாக வந்து சேரும். வாங்கிய அன்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "இனிமே நீ கவலைப்படாதம்மா, அங்கேருந்தே நான் பாத்துக்கறேன்." அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அந்த வாக்கியத்தில் என்ன தவறு என்பது எனக்குப் புரிய ஏழு மாதம் ஆயிற்று.

3

'பார்த்துக்கொள்ளுதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும். "உங்கப்பாவை யார் பாத்துக்கறாங்க?" என்று ஊரில் கேட்கிறார்கள். கேள்வி கண்ணைப் பற்றியது அல்ல. ஆனாலும் நம் மொழி அதற்குக் கண்ணின் வினையைத்தான் எடுத்துக்கொள்கிறது. எடுத்து அதன் பின்னால் 'கொள்' என்று ஒரு துணைவினையைப் போடுகிறது. பார்க்கிறவன் பார்த்ததைத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறான். பார்வை பார்த்தவனிடமே திரும்பி வந்து பாரமாக உட்கார்ந்துவிடுகிறது. தெருவில் விழுந்து கிடக்கிறவரைப் பார்த்தேன் என்பதற்கும் பார்த்துக்கொண்டேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு துணைவினையில் இருக்கிறது. சித்த வைத்தியர் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து அறிவதைக்கூட நாம் நாடி 'பார்த்தல்' என்றுதான் சொல்கிறோம். அங்கே பார்ப்பது விரல்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து செய்பவன். சரக சம்ஹிதையும் நான்கு பாதங்கள் என்று இதே கணக்கைத்தான் சொல்கிறது. அதில் பக்கத்தில் இருந்து செய்பவனுக்கு உபஸ்தாதா என்று பெயர், அருகில் நிற்பவன். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற ஆராய்ச்சி இங்கே தேவையில்லை. இரண்டு மரபும் நர்சுக்குப் பெயர் தேடியபோது அறிவையோ கருணையையோ வைத்துப் பெயரிடவில்லை, நிற்கிற இடத்தை வைத்துப் பெயரிட்டன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைத்தியன் வந்து போகலாம். மருந்து கடையிலிருந்து வரலாம். நான்காமவன் இருக்கவேண்டியது பக்கத்தில்.

இந்த இடத்தைத்தான் புதிய சாதனம் தொடுகிறது. தொலைவில் இருப்பவனுக்குப் பக்கத்தில் இருப்பது போன்ற ஒரு உணர்வைத் தருகிறது. கேள்வி இதுதான்: அந்த உணர்வு அருகாமையா, அல்லது அருகாமை இல்லாததை மறக்கச் செய்கிற ஒன்றா?

4

இப்படிக் கேட்டதுமே சில நண்பர்கள் பூக்கோவை இழுத்து வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கண்காணிப்பு, அதிகாரம், உடல். அந்தக் கதவு ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது. அதை நான் தள்ளவில்லை. அதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுபலத்தோடு வைத்துவிடுவது நேர்மை.

முதலாவது: நோயாளிக்கும் பார்ப்பவனுக்கும் நடுவே கருவி வந்தது நேற்று இல்லை. 1816ல் பாரிஸில் லேனெக் என்ற வைத்தியர், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் நேராகக் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். இன்று வைத்தியத்தின் மனித முகமாக நமக்குத் தோன்றுகிற அந்தக் குழாய் தொடுகையைத் தவிர்ப்பதற்காக வந்தது. 1860களில் ஆல்பட் என்ற ஆங்கில வைத்தியர் தெர்மாமீட்டரைப் பையில் வைக்கிற அளவுக்குச் சிறியதாக்கினார். அதன் பிறகும் அம்மாக்கள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை.

இரண்டாவது: யந்திரம் எந்த மனிதனின் வேலையை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்காமல் யந்திரத்தை வெறுப்பது, அந்த வேலையைச் செய்யாதவனின் சுகம். அப்பா இதை எனக்குத் தறியை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஜக்கார்டு பெட்டி எங்கள் பக்கத் தறிகளுக்கு வருவதற்கு முன்னால் புட்டா எடுக்கப் பாவு நூல்களைத் தூக்கிக் கொடுப்பதற்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்காரவேண்டும். அப்பாவே எட்டு வயதில் அப்படி உட்கார்ந்தவர். துளையிட்ட அட்டைகள் மேலே ஓட, நூல்கள் தானாக ஏறி இறங்குகிற அந்தப் பெட்டியை 1804 வாக்கில் உருவாக்கிய ஜக்கார் என்ற பிரெஞ்சுக்காரரை அப்பாவுக்குத் தெரியாது. இன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த அட்டைகள் ஒரு மூதாதை என்பதும் தெரியாது. ஆனால் "அது வந்ததாலதான் நீ பள்ளிக்கூடம் போன" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். தறியின் ஆன்மா போய்விட்டதே என்று அவர் புலம்பிக் கேட்டதில்லை. நாடாவை எறிவது அவர் கைதான்.

மூன்றாவது, எனக்கு மிகவும் சங்கடமானது: மனிதத் தொடுகையைப் பற்றி எழுதுகிறவர்கள் நாம் பெரும்பாலும் ஆண்கள். தொடுகிற வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்சுகள் திரண்டு உட்கார்ந்தார்கள். மாதத்துக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டவர்கள். தொடுகைக்கு நாம் கொடுத்த விலை அது. யந்திரம் வந்தால் மனிதநேயம் செத்துவிடும் என்று கவிதை எழுதுகிற கை, அந்த 7,700ஐப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரவு ஷிப்டில் ஒருத்தியே ஒரு வார்டு முழுவதையும் ஓடி ஓடிப் பார்க்கவேண்டியிருக்கிறபோது, எந்தக் கட்டிலுக்கு முதலில் ஓடவேண்டும் என்று ஒரு சாதனம் சொல்லுமானால் அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பெங்களூரில் 2015ல் தொடங்கிய டோஸி என்ற நிறுவனம் மெத்தைக்கு அடியில் விரிக்கிற ஒரு தகட்டைச் செய்திருக்கிறது. இதயம் துடிக்கிறபோதும் மூச்சு விடுகிறபோதும் உடம்பில் ஏற்படுகிற நுண்ணிய அதிர்வுகளைக் கொண்டே அது துடிப்பையும் சுவாசத்தையும் கணக்கிடுகிறது. ஒயர் இல்லை, ஊசி இல்லை. நோயாளி தூங்கிக்கொண்டே இருக்கலாம். சாதாரண வார்டில் நாலு மணிக்கு ஒருமுறை எழுப்பி நாடி பார்க்கிற நடைமுறையோடு ஒப்பிட்டால் இது நோயாளிக்கும் இரக்கமானதுதான்.

இந்த மூன்று வாதங்களையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் மீந்து நிற்பது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

5

எண்ணைப் பற்றி முதலில். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரின் அடிப்படையை 1974ல் ஜப்பானில் நிஹான் கோடன் கம்பெனியின் எஞ்சினியர் டகுவோ அவோயாகி கண்டுபிடித்தார். சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலின் ஊடே போகின்றன. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் ஒன்றை அதிகம் விழுங்கும், ஏறாத ரத்தம் மற்றதை. துடிப்புக்குத் துடிப்பு மாறுகிற பங்கை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டால் சதவீதம் வருகிறது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு. அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவர் கருவி உலகம் முழுக்க வீட்டு அலமாரிகளுக்கு வந்துவிட்டது. 2021 மே மாதம் நம் தெருக்களில் 94 என்ற எண் எப்படி ஒரு தெய்வ வாக்காக இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆனால் அந்தச் சதவீதம் உடம்பிலிருந்து நேராக வருவதில்லை. ஆரோக்கியமானவர்கள் சிலரின் ரத்தத்தைச் சோதித்து அதோடு பொருத்தி எழுதிய ஒரு அட்டவணையின் வழியாக வருகிறது. யாரை வைத்துப் பொருத்தினார்கள் என்ற கேள்வி வெகுகாலம் பெரிதாக எழவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் உண்மையான அளவு 88க்குக் கீழே கிடந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் என்று தெரிந்தது. தோலின் நிறம் ஒளியைத் தடுக்கிறது. அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகமே 2021 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. தறிக்குழி நிழலிலேயே இருந்தும் கறுத்தே இருந்த என் அப்பாவின் விரலில் 97 என்றால், அது எவ்வளவு 97? எண் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரோ ஒருவரின் உடம்பைச் சராசரியாக வைத்துக்கொண்டு அது பேசுகிறது. நாம் அதை அப்பாவின் குரல் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதை நான் வங்கியில் தினமும் பார்க்கிறேன். நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வருவார்கள். 2014 நவம்பரிலிருந்து ஜீவன் பிரமாண் என்ற ஏற்பாடு இருக்கிறது: விரலை வைத்தால் போதும், உயிர்ச்சான்று கம்ப்யூட்டர் வழியாகப் போய்விடும். வயசானவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். கை வேலை செய்தவர்களுக்கு இன்னும் அதிகம். நான்கு விரலையும் மாற்றி மாற்றி வைத்து யந்திரம் ஏற்கவில்லை என்றால் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதில் கோபம் இருக்காது. ஒரு வெட்கம் இருக்கும். தாங்கள்தான் எதிலோ குறைந்துபோய்விட்டது போல. அப்போது நான் செய்ய முடிவது ஒன்றுதான். திரையை விட்டுக் கண்ணை எடுத்து அவரைப் பார்த்து, காகிதப் படிவத்தை எடுத்துக் கையெழுத்து வாங்குவது. இவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு மனிதன் தன் பெயரைப் போட்டுச் சொல்வது. யந்திரம் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

6

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சாதனம் வருவதற்கு முன் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு போன் செய்வேன். "எப்படி கீறாரு?" என்று கேட்பேன். அம்மா பத்து நிமிஷம் பேசுவாள். காலையில் இரண்டு இட்லி இறங்கியது, மத்தியானம் கண்ணில் தண்ணீர் வந்தது, ஏனென்று கேட்டால் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் கேட்டால் வலது கால் மட்டும் மிதிப்பது போல அசைகிறது. பேச்சு எப்படியோ சுற்றி அவள் முழங்கால் வலிக்கும் தைலம் தீர்ந்துபோனதற்கும் வந்து நிற்கும். சாதனம் வந்த பிறகு நான் எண்ணைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி. போன் இரண்டு நாளுக்கு ஒன்றாயிற்று, பிறகு நாலு நாளுக்கு. அப்படிப் போன் செய்தபோதும் நான் கேட்கவில்லை, சொன்னேன்: "நேத்து நல்லா தூங்கியிருக்காரும்மா, ஆறு மணி நேரம்." அம்மா, "ம்" என்பாள்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்து அப்பாவைப் புரட்டியபோது இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். தோல் போய்ச் சதை தெரிந்தது. அந்த மூன்று வாரமும் என் செல்போனில் எல்லாம் பச்சை. அந்த மூன்று வாரமும் அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. தனியாக அவரைப் புரட்ட அவளால் முடியவில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காதபோது அவளாகச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீதான் பாத்துக்கறேன்னு சொன்னியே" என்றாள். குத்திக் காட்டவில்லை. அவள் அதை நம்பியிருந்தாள். யந்திரத்தில் எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்திருந்தாள்.

சாதனத்தில் ஒரு பிழையும் இல்லை. அது எதைச் சொல்வதாகச் சொன்னதோ அதைச் சரியாகச் சொன்னது. என் ஒன்பது மணிக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதில் அப்பாவின் உடம்பு மட்டுமல்ல, அம்மாவின் உடம்பும் இருந்தது. பார்த்துக்கொள்பவளை யாரோ பார்த்துக்கொள்கிற ஒரே வழி அந்தப் பத்து நிமிஷமாகத்தான் இருந்திருக்கிறது. எண் அந்தப் பேச்சின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பேச்சிலிருந்த இன்னொரு மனுஷி வெளியே தள்ளப்பட்டாள். அவள் மணிக்கட்டில் பட்டை இல்லை.

பாரிசவாயு வந்த உடம்பை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டவேண்டும். இது எந்த நர்சுக்கும் முதல் பாடம். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவு திரும்பாமல் கிடந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை, நாற்பத்தொரு வருஷத்துக்கு மேல், அதே ஆஸ்பத்திரியின் நர்சுகள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். 2011ல் அவர் வழக்கில் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட், அவருக்குப் படுக்கைப் புண் வந்ததில்லை என்பதைக் குறிப்பிட்டு அந்த நர்சுகளைப் பாராட்டியது. அவர் அப்படி உயிரோடு வைக்கப்பட்டது சரியா என்ற கேள்வி வேறு. அது இந்தக் கட்டுரையை விடப் பெரியது. நான் சொல்ல வருவது அந்தப் புண் இல்லாத முதுகைப் பற்றி. அது ஒரு தகவல் அல்ல. வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்று, அடுத்தவளிடம் ஒப்படைத்துப் போன நர்சுகளின் கைகள் லட்சம் தடவைக்கும் மேல் செய்த ஒரு காரியம்.

7

அழுத்தத்தை அளக்கிற மெத்தையும் இருக்கிறது, அதை வாங்கியிருந்தால் புண் வந்திருக்காதே என்று ஒரு சக ஊழியர் சொன்னார். உண்மைதான். மெத்தை எனக்குத் தகவல் அனுப்பியிருக்கும்: புரட்டவும். நான் காஞ்சிபுரத்தில் அதைப் படித்திருப்பேன். அம்மாவுக்குப் போன் செய்து புரட்டு என்று சொல்லியிருப்பேன். வீங்கிய முழங்காலோடு அவள் எழுந்திருப்பாள். அதாவது தூரத்தில் இருப்பவனின் அறிவு கூடக் கூடப் பக்கத்தில் இருப்பவளுக்கு இடுகிற கட்டளைகள் கூடும். அறிகிறவன் ஒருவன், செய்கிறவள் ஒருத்தி என்று பார்த்துக்கொள்ளுதல் இரண்டாகப் பிளந்துவிடும். அறிகிறவனுக்குத் தானும் ஏதோ செய்கிறோம் என்ற திருப்தி கிடைக்கும். என் ஏழு மாதத்துப் பாவம் இந்தத் திருப்திதான்.

ஆஸ்பத்திரிகளிலும் இதன் பெரிய வடிவம் இருக்கிறது. கருவிகள் எழுப்புகிற எச்சரிக்கை ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளை மதிப்பிடும் ஜாயின்ட் கமிஷன் 2013ல் எழுதியது. ஓயாமல் கேட்கிற ஒலி காதில் விழாமல் போகிறது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை இத்தகைய ஒலிகள் தொடர்பாக அவர்களுக்கு வந்த 98 சம்பவங்களில் 80ல் நோயாளி இறந்துபோயிருக்கிறார். இதற்கு நர்சின் அசட்டையைக் காரணம் சொல்வது அநியாயம். ஆளைக் கூட்டாமல் ஒலியை மட்டும் கூட்டினால் கிடைப்பது இதுதான். ஒலி யாருக்கும் சொந்தமில்லாமல் வார்டில் அலைகிறது.

அப்படியானால் சாதனத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? எறிந்தேன். புண் தெரிந்த அன்றைக்கே பட்டையைக் கழற்றி அலமாரியில் போட்டேன். அது ஒரு பிராயச்சித்தம் போல எனக்குச் சௌகரியமாக இருந்தது. பத்து நாள் கழித்து அம்மாவே கேட்டாள்: "அத மாட்டிடேன். ராத்திரி மூச்சு ஒரு மாதிரியா போச்சுன்னா அது கத்தும். அது இருந்தா நான் கண் அசருவேன்." சாதனம் இருந்த மாதங்களில் அவள் தூங்கியிருக்கிறாள். எடுத்த பிறகு அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே இரவு முழுக்க விழித்திருக்கிறாள். என் தவறுக்கு நான் செய்துகொண்ட பிராயச்சித்தத்தை அவள் தூக்கத்திலிருந்து செலவழித்திருக்கிறேன். யந்திரத்தை வைத்தபோதும் எடுத்தபோதும் நான் அவளைக் கேட்கவில்லை.

அப்பாவையும் கேட்கவில்லை. பட்டையைத் திரும்ப மாட்டப் போனபோது அவர் வலது கையை இழுத்துக்கொண்டார். குழறலாக, ஆனால் தெளிவாகக் கேட்டார்: "நான் தூங்கறதயும் நீ அங்க குந்திக்கினு பாக்கணுமா?" பூக்கோ இங்கே வந்துவிட்டார் என்று நண்பர்கள் சந்தோஷப்படலாம். எனக்கு ஞாபகம் வந்தது வேறு. அப்பா நெய்கிறபோது யாரும் பின்னால் நின்று பார்ப்பதை விரும்பமாட்டார். முன்னால் வந்து உட்கார்ந்து பேசினால் பேசுவார். பார்க்கிறவனைத் தானும் பார்க்க முடியவேண்டும் என்பது அவர் கணக்கு.

8

நான் வந்து சேர்ந்த இடம் ஒரு முடிவு அல்ல, மூன்று நிபந்தனைகள். அவை தத்துவமாகத் தேறுமா என்று தெரியவில்லை.

சாதனம் அறிவதை முதலில் அறியவேண்டியவர் பக்கத்தில் இருப்பவர். அங்கே அது ஒரு கை. தூரத்தில் இருப்பவனுக்கு அது பெரும்பாலும் ஒரு சமாதானம். சமாதானம் தேவைப்படுகிற நேரங்கள் உண்டு; அதைப் பார்த்துக்கொள்ளுதல் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஒலித்தால் எழுந்து போகிறவர் யார் என்று தீர்மானமாகாத எந்தக் கருவியும் காவல் அல்ல. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தக் கருவியோடு ஒரு பெண் வீடு வீடாக வருகிறாள். அந்தக் கருவியின் மதிப்பு அதைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிற காலில் இருக்கிறது. கருவிக்குச் செலவழிக்கிற காசு அந்தக் காலுக்குப் போகவேண்டிய காசிலிருந்து எடுக்கப்படுமானால், அதை முன்னேற்றம் என்று யார் சொன்னாலும் நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, பார்க்கப்படுகிறவருக்குக் கழற்றி வைக்கிற உரிமை வேண்டும். அதில் ஆபத்து உண்டு. ஆபத்தே இல்லாத ஒரு படுக்கையில் மனிதன் படுத்திருப்பதில்லை.

சிமோன் வெய்ல் 1940களின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கட்டுரையில், துன்பப்படுகிறவனிடம் அவனுக்கு என்ன நேர்கிறது என்று கேட்க முடிவதையே அடுத்தவன் மேல் வைக்கிற அன்பின் முழுமையாகச் சொல்கிறார். படித்த காலத்தில் இதை ஒரு அழகான சிந்தனையாக அடிக்கோடிட்டு வைத்தேன். ஒன்பது மணி போனில் நான் கேட்டுக்கொண்டிருந்தது அதே கேள்வி என்பது அப்போது தெரியாது. பதில் முன்கூட்டியே திரையில் வந்துவிடுகிறபோது கேள்வி செத்துப்போகிறது. யந்திரம் அன்பைக் கொல்வதில்லை. கேட்கவேண்டிய அவசியத்தைக் கொல்கிறது. மற்றதை நாமே செய்துகொள்கிறோம்.

கவிதை வாசித்த நண்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் கவிதையில் யந்திரம் இருக்கிறது, நோயாளி இருக்கிறார். வார்டில் இன்னொருத்தி இருந்திருக்கவேண்டும். இரவு ஷிப்ட், கால் வீங்கியவள். அவளை யந்திரம் துரத்தியதா, கவிஞர் பார்க்கவில்லையா என்பது அந்தக் கவிதையிலிருந்து தெரியவில்லை. அன்று நன்றாக இருக்கிறது என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது சாதனம் அம்மாவின் செல்போனில் மட்டும் இருக்கிறது. ராத்திரியில் அப்பா மாட்டிக்கொள்கிறார். பகலில் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார். புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. மத்தியானம் புரட்டுவதற்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஆள் வருகிறார், சம்பளத்துக்கு. சனிக்கிழமை விடுமுறை உள்ள வாரங்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸிலேயே கிளம்பிவிடுகிறேன். மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குப் போன். எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டால்தான் தெரியும். நேற்று அம்மா முழங்காலில் ஆரம்பித்தாள், அப்பாவிடம் வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று.